ஜாரவா காப்பகம்: 380 பேருக்கு 1028 சதுர கிலோமீட்டர் எதற்கு?

தாமிரபரணிக்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். புவியியல் செயல்திட்டத்துக்கு அந்தமானை எடுத்திருக்கிறாள். நேற்று ராத்திரி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். தெற்கு அந்தமான், நடு அந்தமான் இரண்டிலும் மேற்குப் பக்கம் முழுக்க ஒரே பச்சை. ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை. 'ஜாரவா பழங்குடியினர் காப்பகம்' என்று மட்டும் போட்டிருக்கிறது.

பரப்பு 1028 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் ஜாரவா மக்கள் 380 பேர். அவளே வகுத்துப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு 2.7 சதுர கிலோமீட்டர் வருதேப்பா, இவ்வளவு இடம் எதுக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கே நிலம் எப்படி, மழை எப்படி, என்ன மாதிரி காடு? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கிரீக்கோரம் எழுதியது:

நான் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரில். 2024ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிவிட்டது, வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அப்பா மரம் வெட்டும் முகாம்களில் கணக்கு எழுதியவர். அதனால் இந்தக் காடுகளைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள் ஐயா. மேலிருந்து பார்க்கிற வரைபடத்தைக் கொஞ்ச நேரம் மடித்து வைத்துவிட்டு, கிழக்கிலிருந்து மேற்காகத் தீவைக் கத்தியால் வெட்டியது போல ஒரு வெட்டுமுகம் வரையட்டும். அவள் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

அந்தமான் தீவுகள் தனித்தனி நிலத்துண்டுகள் இல்லை. பர்மாவின் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, தெற்கே மறுபடி முதுகைக் காட்டுகிறது. அந்த முதுகுதான் நாங்கள் குடியிருக்கும் இடம். இந்தியத் தட்டு கிழக்கு நோக்கி அடியில் சொருகிக்கொண்டு போகும்போது, கடலடியில் படிந்திருந்த மணலும் சேறும் வழித்தெடுக்கப்பட்டு மடிப்பு மடிப்பாக மேலே வந்தன. அதனால் எங்கே தோண்டினாலும் மணற்கல், களிக்கல் என்று மாறி மாறி வரும். மலை வரிசைகள் எல்லாம் வடக்கு தெற்காக ஓடும். உயரம் பெரிதில்லை. தெற்கு அந்தமானில் பெயர்போன மவுண்ட் ஹாரியட் (2021லிருந்து மவுண்ட் மணிப்பூர்) 383 மீட்டர்தான். வடக்கு அந்தமானின் சாடில் பீக் 731 மீட்டர், மொத்தத் தீவுக்கூட்டத்திலும் அதுதான் உச்சி.

தெற்கு அந்தமானின் அகலம், அதிகமாக இருக்கும் இடத்திலேயே, முப்பது கிலோமீட்டர் அளவுதான். அந்த அகலத்துக்குள் மலைமுகடு, சரிவு, பள்ளத்தாக்கு, சதுப்பு, கிரீக், மணற்கரை, பவளப்பாறை எல்லாம் அடுக்கி வைத்தது போல இருக்கின்றன. உப்பங்கழி என்று நம் பக்கம் சொல்வதைத்தான் இங்கே எல்லோரும் கிரீக் என்கிறோம். ஜாரவா மக்கள் பயிர் செய்பவர்கள் அல்ல. இந்த அடுக்கு முழுவதையும் பருவத்துக்குப் பருவம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள். மழைக்காலத்தில் காட்டுப்பன்றியும் காட்டுப்பலாவும், வறண்ட மாதங்களில் தேனும் கரையோர மீனும். ஒரு அடுக்கை எடுத்துவிட்டால் வருடத்தில் சில மாதம் பட்டினி. 2.7 என்ற கணக்கில் இது வராது.

---

மழைமானி எழுதியது:

மழைப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வருட மழை ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர். சென்னையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பே, மே மாதம் மூன்றாவது வாரத்தை ஒட்டி வந்துவிடும். செப்டம்பர் வரை அதன் ஆட்சி. அப்புறம் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குக் காற்றோடும் புயல் சின்னங்களோடும் இன்னொரு சுற்று. நமக்கு நவம்பரில் வரும் புயல்கள் பலவும் அந்தமான் கடலில்தான் கருக்கொள்கின்றன, அந்த வகையில் அவர்கள் வானமும் நம் வானமும் உறவுக்காரர்கள். வெப்பநிலை வருடம் முழுக்க 23க்கும் 31க்கும் நடுவிலேயே நிற்கும். அதனால் அங்கே பருவம் என்றால் வெயில், குளிர் இல்லை. நனைந்த மாதம், நனையாத மாதம். அவ்வளவுதான்.

நனையாத மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இவ்வளவு மழை பெய்தும் போர்ட் பிளேரில் கோடையில் குடிநீர்ப் பஞ்சம் வருகிறது. தனிக்காரி அணை வற்றி, மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் விட்ட வருடங்கள் உண்டு. தீவு ஒடுக்கம், சரிவு செங்குத்து. பெய்த தண்ணீர் ஓடைகளில் ஒரே ஓட்டமாகக் கடலுக்குப் போய்விடுகிறது. வற்றாத ஆறு என்று எல்லோரும் சொல்வது வடக்கே உள்ள கல்போங் ஒன்றைத்தான்.

கிரீக்கோரம் அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். அதே மழை, அதே பாறை. காடு நிற்கிற சரிவில் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கிறது, நீங்கள் பார்த்ததுண்டா?

---

கிரீக்கோரம் எழுதியது:

காப்பகத்துக்குள் நான் போனதில்லை. போகவும் கூடாது. அனுமதியில்லாமல் நுழைவது 1956ஆம் வருடப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி குற்றம். ஆனால் அதே மலைத்தொடரின் வெளிப்பக்கம், வெட்டாமல் விட்ட ஒரு சரிவு எங்கள் சித்தப்பா தோட்டத்துக்கு மேலே இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

ஒரு மார்ச் மாதம். மழை பெய்து ஐந்து வாரம் இருக்கும். ஒரு கர்ஜன் மரத்தின் அடியில் உட்கார்ந்தேன். அதன் பலகைவேர் என் தோள் உயரத்துக்கு நின்றது. வேருக்கும் வேருக்கும் நடுவில் சேர்ந்திருந்த சருகைக் கையால் விலக்கினேன். மேலே மொறுமொறு. நாலு விரல் ஆழத்தில் சருகு மெத்தென்று ஈரமாக, வெள்ளை நூல் போலப் பூஞ்சை ஓடிக் கிடந்தது. அதற்கும் கீழே ஒரு விரல் நீளத்துக்குத்தான் கறுப்பு மண். அதன் அடியில் மஞ்சள் களி, அப்புறம் கல். நாற்பது மீட்டர் மரம் நிற்கும் மண் அவ்வளவுதான்! கறுப்பு மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன், விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. ஐம்பது அடி தள்ளி, பாக்குத் தோட்டத்துக்காக வெட்டிய பக்கம், களி வெடித்துக் கிடந்தது. ஓடை அந்தப் பக்கம் பிப்ரவரியிலேயே நின்றுவிட்டதாகச் சித்தப்பா சொன்னார். காட்டுப்பக்கம் கணுக்கால் நனையும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சத்து முழுக்க அந்தச் சருகிலும் கறுப்பு மண்ணிலும்தான். மரத்தை எடுத்தால் இரண்டு மூன்று மழையில் அது கழுவிக்கொண்டு கிரீக்குக்கும் அங்கிருந்து பவளப்பாறைக்கும் போய்ச் சேரும். மலைச்சரிவில் வெட்டினால் கடலில் பாதிப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

---

புன்னைவனம் எழுதியது:

தாவரவியல் படித்தவள் நான். மகளின் வெட்டுமுகத்துக்கு மரங்களைச் சொல்லட்டுமா?

முகட்டுக்குப் பக்கத்திலும் சரிவிலும் கர்ஜன் வகைகள். ஈரமான பள்ளங்களில் பசுமைமாறாப் பெருங்காடு, ஐந்து மாடி உயரத்துக்கு மேலே கிளை விரிப்பவை. பிரம்பு முள்ளோடு மேலே ஏறிப் பின்னிக் கிடக்கும். கொஞ்சம் காய்கிற தாழ்சரிவுகளில் படாக். இது வறண்ட மாதங்களில் இலை உதிர்க்கும். கூடவே வெள்ளை பாம்ப்வே, பப்பீதா, தூப் என்று உள்ளூரில் சொல்லும் மரங்கள். பப்பீதா என்றதும் பப்பாளி என்று நினைத்துவிட வேண்டாம், தீக்குச்சிக்குப் போகும் மென்மரம் அது. கிரீக் ஓரத்தில் சதுப்புக்காடு, நம் பிச்சாவரத்தில் சுரபுன்னை என்கிறோமே, அதே இனம், ஆனால் உயரம் அதிகம். மணற்கரையில் நமக்குத் தெரிந்த முகங்கள்: புன்னை, தாழை, நீர்ப்பருத்தி, நாட்டுவாதுமை. முதல் தடவை போனபோது கரையில் புன்னையைப் பார்த்ததும் ஊர்க்காரரைப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

மரப் பெயர்களில் ஒரு வரலாறும் இருக்கிறது. திங்கன், பியின்மா என்றெல்லாம் சொல்வார்கள். அவை பர்மியப் பெயர்கள். 1883ல் வனத்துறை அந்தமானுக்கு வந்தது, சாத்தம் மர ஆலையும் அதே வருடம். காட்டுவேலைக்கு 1925ல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் அழைத்து வரப்பட்டார்கள். மண் மட்டுமல்ல, காடும் பர்மாக் காட்டின் தொடர்ச்சி என்பதால் அவர்களுக்கு மரங்கள் புதிதாக இருக்கவில்லை. பத்துப் பாகைக் கால்வாயைத் தாண்டி நிக்கோபார் போய்விட்டால் சாயல் மாறி சுமத்ரா பக்கம் சாய்ந்துவிடும்.

நிக்கோபார் கரையெல்லாம் தென்னை. அந்தமானிலோ ஆங்கிலேயர் வரும்வரை தென்னை கிடையாது! இன்று போர்ட் பிளேரில் பார்க்கும் தென்னை எல்லாம் நட்டவை. தீவு என்றாலே தென்னை என்று படம் போடுகிறார்கள். மகள் காப்பகத்தின் கரையில் தென்னை வரையாமல் இருந்தால் அதுவே ஒரு மதிப்பெண்ணுக்குத் தகுதி.

ஜாரவா மக்கள் வில்லுக்கென்று எடுப்பது சூயி என்ற சிறு மரம். தேனுக்கு மரத்தைக் குடைந்து வாளி. கூடைக்குப் பிரம்பு. ஒவ்வொன்றும் வேறு வேறு அடுக்கில் வளர்வது, கிரீக்கோரம் அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

வெள்ளிமலை எழுதியது:

புள்ளிமானை விட்டுவிட்டீர்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது அது. வேட்டையாட அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. ஜாரவா மக்களும் மரபாக மானைத் தொடுவதில்லை, பன்றிதான். மான் கூட்டம் முளைக்கிற கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடுகிறது. வெட்டிய காட்டில் மறுபடி காடு வராததற்கு இது பெரிய காரணம்.

---

நெல்லைப்பயணி எழுதியது:

இந்த இழையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

2010ல் குடும்பத்தோடு அந்தமான் போனோம். பாராடாங் சுண்ணாம்புக் குகை பார்க்க வண்டி ஏற்பாடு செய்தவர், "வழியில் அவங்களையும் பார்க்கலாம் சார்" என்றார். அதற்காகவே சம்மதித்தேன் என்பதுதான் உண்மை. விடிவதற்கு முன்னே கிளம்பி, காப்பகத்துக்குள் போகும் சாலை தொடங்கும் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றோம். அங்கே ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது என்று பலகை. வண்டிகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்பும் கான்வாய் கிளம்பியதும் வண்டிக்குள் எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டோம். ஒரு வளைவில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். முன்னால் போன வண்டியிலிருந்து யாரோ பிஸ்கட் பொட்டலத்தை வீசினார்கள். அந்தப் பெண் அதைப் பார்க்கவில்லை. நேராக எங்கள் வண்டியைத்தான் பார்த்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "அடுத்தவங்க வீட்டு வாசல்ல வண்டியோட நுழைஞ்சிருக்கோம்டா" என்றார். திரும்பி வரும்போது ஒருவரும் வெளியே பார்க்கவில்லை. காடு எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் காட்டைப் பார்க்கவே இல்லை.

---

கிரீக்கோரம் எழுதியது:

நெல்லைப்பயணி, இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் அம்மா சொன்னதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் சாலையின் கதை தெரிந்தால்தான் காப்பகத்தின் நிலம் புரியும்.

காப்பகம் 1957ல் அறிவிக்கப்பட்டது. 2004ல் எல்லை விரிக்கப்பட்டுத்தான் இந்த 1028 வந்தது. நடுவில் அந்தமான் ட்ரங்க் ரோடு போட்டார்கள், எங்கள் பேச்சில் ஏ.டி.ஆர். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் காட்டுக்குள்ளேயே போகிறது. ஜாரவா மக்கள் வருடக்கணக்கில் அம்பால் எதிர்த்தார்கள், வேலையாட்கள் பலர் செத்தார்கள், அந்தப் பக்கமும் உயிரிழப்பு. பகை அவர்களுடையது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜாரவா என்ற பெயரே பக்கத்து இனத்தார் வைத்தது, அந்நியர் என்ற பொருளில். தங்களை அவர்கள் 'அங்' என்று சொல்லிக்கொள்கிறார்கள், மனிதர் என்று அர்த்தம்.

1996ல் கதம்தலா பக்கம் கால் முறிந்து கிடந்த ஓர் இளைஞரைப் போர்ட் பிளேர் கொண்டுவந்து பல மாதம் வைத்தியம் பார்த்து அனுப்பினார்கள். 1997 அக்டோபரிலிருந்து அவர்கள் தாங்களாகவே வில்லைப் போட்டுவிட்டுக் கிராமங்களுக்கு வரத் தொடங்கினார்கள். 1999ல் தட்டம்மை பரவியது. நமக்குச் சின்ன வயதில் வந்துபோகிற நோய், அந்த உடம்புகளுக்கு அறிமுகமே இல்லாதது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், காப்பகத்துக்குள் போகும் சாலைப் பகுதியை மூடச் சொன்னது. சாலை இன்னும் ஓடுகிறது.

மலைத்தொடர் வடக்கு தெற்கு, சாலையும் வடக்கு தெற்கு. அடுக்குகளைக் குறுக்கே கடந்து வாழ்கிறவர்களுக்கு நடுவில் நெடுக ஒரு கோடு. அந்தக் கோட்டின் வழியாகப் புகையிலை போகிறது, சாராயம் போகிறது, பன்றியும் நண்டும் திருடுகிறவர்கள் போகிறார்கள். அவ்வளவு இடம் எதற்கு என்று கேட்கிறோம். உண்மையில் அவர்களுக்கு முழுசாக இருப்பது மேற்கு ஓரம்தான்.

---

ரங்கத்துக் கடை எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. நாங்கள் நடு அந்தமானில் உள்ள ரங்கத்தில் இருபத்தாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறோம். என் மருமகளுக்குப் பிரசவத்தில் சிக்கல் வந்தபோது ஜூலை மாதம். கடல் கொந்தளிப்பு, படகு இல்லை. ராத்திரி முழுக்க இந்தச் சாலையில்தான் ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். தாயும் பிள்ளையும் இன்று நன்றாக இருக்கிறார்கள். சாலையை மூடு என்று போர்ட் பிளேரில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். பெரிய ஆஸ்பத்திரி உங்கள் தெருவில் இருக்கிறது. வடக்கே மாயாபந்தர், டிக்லிபூர்க்காரர்கள் என்ன செய்வார்கள்?

---

கிரீக்கோரம் எழுதியது:

அக்கா, உங்கள் மருமகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் என் வாழ்த்து. ஆம்புலன்ஸை நிறுத்து என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்வதை இரண்டு நாள் யோசித்தேன்.

குகை பார்க்கப் போகிறவர்களுக்கு 2017ல் போர்ட் பிளேரிலிருந்து பாராடாங்குக்குக் கடல்வழி தொடங்கினார்கள். பெரும்பாலான வண்டிகள் இன்னும் சாலையில்தான். என் கோபம் அவர்கள் மேல்தான். அப்புறம், ரங்கத்திலேயே சிசேரியன் செய்ய வசதி இருந்திருந்தால் அந்த ராத்திரிப் பயணமே உங்களுக்கு வந்திருக்காது இல்லையா? அதை யாரும் கேட்பதில்லை, சாலையை அகலப்படுத்தச் சொல்லித்தான் மனு போகிறது.

---

ரங்கத்துக் கடை எழுதியது:

டாக்டர் வேண்டும் என்று நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் தம்பி. சுற்றுலா வண்டி விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. காலையில் கான்வாயில் நூறு கார் முன்னால் நிற்கும், எங்கள் காய்கறி வண்டி பின்னால் நிற்கும்.

---

மழைமானி எழுதியது:

நிலம் பற்றி ஆரம்பித்ததால் ஒன்று சேர்க்கிறேன். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்தத் தீவுகள் தராசுத் தட்டு போலச் சாய்ந்தன. போர்ட் பிளேர் பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட் வயல்கள் உப்பங்கழியாகவே மாறிவிட்டன. மேற்கே வடக்கு சென்டினலும், நடு அந்தமானை ஒட்டிய இன்டர்வியூ தீவும் மேலே எழும்பின, பவளப்பாறை தண்ணீருக்கு வெளியே வந்து செத்தது. ஒரு பக்கம் சதுப்புமரங்கள் மூழ்கிச் செத்தன, இன்னொரு பக்கம் அலை எட்டாமல் காய்ந்து செத்தன. ஜாரவா மக்கள் மேட்டுக் காட்டுக்குள் இருந்து தப்பினார்கள்.

---

தாமிரபரணிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகள் நேற்று முழுக்க இந்த இழையை வாசித்துவிட்டு, ஏற்கெனவே ஒட்டிய வரைபடத்தைப் பிய்த்து எடுத்துவிட்டாள். நீளமான சார்ட் தாளில் வெட்டுமுகம் வரைகிறாள். இடது ஓரத்தில் பவளப்பாறை, வலது ஓரத்தில் கிராமம். நடுவில் கர்ஜன், படாக், கிரீக். கரையில் தென்னை இல்லை. சாலையைச் சிவப்பில் போட்டிருக்கிறாள், அதன் மேல் சின்னதாக ஒரு ஆம்புலன்ஸ், ரங்கத்து அக்காவுக்காக.

மனிதர்களை வரையவா என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே வேண்டாம் என்று சொல்லி, மரத்தடியில் ஒரு தேன் வாளியை மட்டும் வரைந்தாள்.

அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி. மேலே எழும்பிச் செத்த பவளத்துக்கு என்ன நிறம் அடிக்க வேண்டும்?

---

கிரீக்கோரம் எழுதியது:

சாம்பல். முதலில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது, மழைபட்டுப் பட்டுக் கறுத்துவிட்டது. அதன் மேற்கு விளிம்பில், தண்ணீருக்குள், கொஞ்சம் பழுப்பு மஞ்சளும் வைக்கச் சொல்லுங்கள். அலைக்கு அடியில் உயிருள்ள பவளத்தின் நிறம் அது.